பொண்ணு ஆறாவது, தமிழ் வாசிப்பு ரெண்டாவது: என்ன புக் குடுக்கலாம்?

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பொண்ணு ஆறாவது, இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல வாய் ஓயாம பேசுவா, புக்கைக் குடுத்தா எழுத்துக்கூட்டி நாலு வரியில மூடி வச்சிடுறா. படக்கதை குடுத்தா 'நான் என்ன எல்கேஜியா'ன்னு கோவம். பையன் ஒம்பதாவது, கதைப் பக்கமே வர்றதில்ல. மழைக்கு வீட்டுக்குள்ளயேதான் கெடக்குதுங்க, என்ன வாங்கித் தர்றதுங்க அக்கா?"

குன்னூர்ல எங்க வீட்டு முன்ரூம்ல சனி ஞாயிறு பசங்கள வாசிக்க வைக்கிறவ நான், இந்தக் கேள்வி எனக்குப் பழசு. பொண்ணு மக்குன்னு நெனச்சிடாதீங்க. அவ பேசுற தமிழ் வேற, அச்சுல இருக்குற தமிழ் வேற, அவ்ளோதான். போன வருசம் இங்க ஒரு பாப்பா 'சென்றுகொண்டிருந்தார்கள்'ல மாட்டிக்கிட்டு முழிச்சா, பென்சிலால நடுவுல ரெண்டு கோடு போட்டுக் காமிச்சேன், ஒரு நிமிசம் பாத்துட்டு "ஓ, போயிட்டு இருந்தாங்களா, அத நேரா சொல்ல வேண்டியதுதான"ன்னா! அதனால புக் வாங்குறப்ப பின்னட்டையில போட்டிருக்குற வயச விட்டுட்டு உள்ள தொறந்து பாருங்க, பேச்சு நெறைய இருக்கா, வாக்கியம் சின்னதா இருக்கா, ஆனா விசயம் பதினொரு வயசுக்கு உரியதா இருக்கா. கடையிலயே ஒரு நடுப்பக்கத்த சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, திக்குற வார்த்தைக்கு ஒரு விரல் மடக்கணும், பக்கம் முடியறதுக்குள்ள அஞ்சும் மடங்கிட்டா அது இப்போதைக்கு வேணாம்.

அவளுக்கு நான் முதல்ல குடுக்குறது டோட்டோ-சான், தெத்சுகோ குரோயாநாகி எழுதினது, ஜப்பான்ல 1981ல வந்துச்சு, தமிழ்ல நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்காங்க. டோட்டோ-சான்ங்கற குட்டிப் பொண்ணு படிக்குற ஸ்கூலோட கதை, பழைய ரயில் பெட்டிங்கதான் அங்க கிளாஸ்ரூம், தினமும் மலை ரயில் கூவுறத கேக்குற நம்ம பசங்க அந்த இடத்துலயே விழுந்துடுவாங்க. அத்தியாயம் எல்லாம் குட்டி குட்டி, ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். முதல் அத்தியாயத்த மட்டும் நீங்க வாசிச்சுக் காட்டுங்க. ஒரு கூட்டாளிப் பையன் செத்துப்போற இடம் வரும், அன்னைக்குப் பக்கத்துல இருங்க. காசு செலவில்லாம வேணும்னா ஸ்டோரிவீவர்ங்கற வெப்சைட்ல தமிழ்க் கதைங்க இருக்கு, நாலு லெவலா பிரிச்சிருப்பாங்க, இவளுக்கு ரெண்டாவதுல ஆரம்பிங்க, லெவல் நம்பர அவகிட்ட சொல்லாதீங்க.

பையனுக்கு உதயசங்கரோட ஆதனின் பொம்மை. கீழடிய வச்சு எழுதின சின்ன நாவல், 2023ல சாகித்ய அகாடமி சிறார் புக்குக்குக் குடுக்குற பால சாகித்ய புரஸ்கார் வாங்குச்சு. ஒம்பதாவது பையன்கிட்ட 'சிறார் நாவல்'னு சொல்லிக் குடுத்தீங்கன்னா தொடவே மாட்டான், டேபிள் மேல சும்மா போட்டு வைங்க. கதையே வேணாம்னு அடம் புடிச்சா துளிர் பத்திரிகை வாங்கிப் போடுங்க, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரங்க பசங்களுக்காக நடத்துறது, அதுவும் வாசிப்புதான். கிரிக்கெட் ஸ்கோர் வாசிச்சாலும் எனக்கு ஓகே.

யெஸ். பாலபாரதியோட மரப்பாச்சி சொன்ன ரகசியம் பொண்ணுக்கு அவசியம் வேணும், ஆனா முதல்ல நீங்க படிங்க. பசங்க மேல நடக்குற பாலியல் சீண்டல பத்தினது, மரப்பாச்சி பொம்ம வாயால சொல்ற கதை. படிச்சப்புறம் அவ கேக்கப்போற கேள்விக்கு நீங்க தயாரா இருக்கணும் இல்ல.

நம்ம மலையப் பத்தி ஏதாவது வேணும்னு 'குறிஞ்சித் தேன்' புக்கக் கொண்டுவந்து பசங்க கையில குடுத்துடாதீங்க. ராஜம் கிருஷ்ணன் எழுதின அருமையான நாவல், படகர் வாழ்க்கைதான் முழுக்க, ஆனா பெரியவங்க நடை, பிள்ளைங்க பயந்துடும். அது உங்களுக்கு. அவங்க நூல்கள் நாட்டுடைமை ஆனதால நெட்லயே ஓசியில படிக்கலாம்.

அப்புறம் வாங்குற புக்க சொவத்தோட ஒட்டி அடுக்காதீங்க, மழை நிக்கறதுக்குள்ள அட்டையில பூசணம் ஏறிடும், நாலு விரல் தள்ளி வைங்க, வெயில் எட்டிப் பாக்குற அன்னைக்கு எடுத்து ஒரு தடவ விரிச்சு வச்சிடுங்க, என் டோட்டோ-சான் மூணாவது காப்பி இப்ப ஓடுது.