அம்பாசிடர் பெட்ரோல் பம்ப்: ஃபிளாஞ்ச் ஒட்டவில்லை

போல்ட்டை இறுக்கி ஃபிளாஞ்சை, அதாவது பம்ப்பை இன்ஜினில் பூட்டும் தட்டையான விளிம்பை, இழுத்து ஒட்ட வைக்காதீர்கள். கொழிஞ்சாம்பாறையில் கிடைத்த மாற்றுப் பம்ப் அரை சென்டிமீட்டர் வெளியே நிற்கிறது, போல்ட் துளைகள் மட்டும் சரியாக இருக்கின்றன என்கிறீர்கள். பம்ப்பின் லீவரை அசைக்கும் கேம் என்ற சுழலும் பாகத்தின் மேட்டில் லீவர் நிற்கும்போது அந்த இடைவெளி வரலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஃபிளாஞ்ச் ஒரு இடத்தில் தானாக உள்ளே போனால் அங்கே வைத்துப் பூட்டலாம்.

எங்குமே போகவில்லையா? லீவர் நீளம் வேறாக இருக்கும், அல்லது பம்ப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் பேக்லைட் துண்டையும் பழைய பம்ப்போடு எறிந்திருப்பார்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான்! அந்தத் துண்டு லீவரின் வீச்சைச் சரியாக்கும், இன்ஜின் சூட்டையும் தடுக்கும். அது இல்லாமல் நெல்லியாம்பதி மலை ஏறினால் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடலாம். பழைய லீவரையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, ஃபிளாஞ்சிலிருந்து நுனிவரை அளந்து பாருங்கள். பேக்லைட் துண்டின் இரு பக்கமும் பேக்கிங் போடுங்கள்.

பூட்டியதும் காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு ஸ்டார்ட்டர் அடியுங்கள். விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும்.

அப்புறம், டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், பழைய பம்ப்பின் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கலாம். ஆயில் மாற்றாமல் ஓட்டக்கூடாது. எலெக்ட்ரிக் பம்ப் போடச் சொல்வார்கள். போடலாம், ஆனால் இன்ஜெக்ஷன் வண்டிப் பம்ப் வேண்டாம், அந்த அழுத்தத்தில் கார்புரேட்டர் வழிந்துவிடும்.