நூறு சதவீதப் பிளேஸ்மென்ட்: மகளையே கணக்குக் கேட்க விடுங்கள்

வணக்கம் சார். மகளை ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸில் சேர்க்கலாமா, எந்தக் கல்லூரியில் வேலை உறுதி என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய நோட்டீஸ்கள் எல்லாவற்றிலும் பிளேஸ்மென்ட் கிட்டத்தட்ட நூறு சதவீதம். அவற்றை அப்படியே மகளிடம் கொடுத்து, இந்த எண்களை நம்பலாமா என்று பார்க்கச் சொல்லுங்கள். டேட்டா படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது.

முதலில் அவள் கேட்க வேண்டியது, எத்தனை பேரில் இத்தனை சதவீதம் என்று. ஒரு வகுப்பில் 120 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரியர் வைத்தவர்களைப் பல நிறுவனங்கள் இன்டர்வியூவுக்கே கூப்பிடாது, பத்தாவதிலிருந்து எல்லாவற்றிலும் 60 சதவீதம் கேட்கும் நிறுவனங்களும் உண்டு, மேற்படிப்புக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்களும் கணக்கில் வரமாட்டார்கள். இப்படிக் கழித்துக் கழித்து மீதி நிற்கும் 60 பேரில் 57 பேருக்கு வேலை கிடைத்தால் 95 சதவீதம் என்று போர்டு வைத்துவிடலாம், கணக்கும் தப்பில்லை. ஆனால் ஃபீஸ் கட்டிச் சேர்ந்த 120 பேரை வைத்துப் பார்த்தால் பாதிகூட இல்லை. ஒரே மாணவிக்கு வந்த மூன்று ஆஃபரை மூன்றாக எண்ணும் வழக்கமும் இருக்கிறது, அதையும் கேட்கட்டும்.

அப்புறம் சம்பளம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 3.5 லட்சம், ஒருவருக்கு மட்டும் 40 லட்சம் என்றால் சராசரி 7.15 லட்சம். அந்தச் சம்பளத்தை அங்கே யாருமே வாங்கவில்லை. எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவர் வாங்குவது எவ்வளவு என்று பார்த்தால் 3.5தான், அதுதான் மீடியன். 2016 முதல் வெளிவரும் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் கொடுக்க வேண்டும், கல்லூரி வெப்சைட்டிலேயே தேடிப் பாருங்கள். அதிலும் இரண்டு விஷயம் கவனிக்கணும்: எண்களைக் கொடுப்பது கல்லூரியேதான், தவிர எல்லாப் பிரிவுகளையும் சேர்த்த கணக்கு அது, உங்கள் மகள் கேட்கும் பிரிவுக்குத் தனியாக இருக்காது.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. புரோகிராம் எழுதுவதையும் சார்ட் போடுவதையும் இன்று மென்பொருளே பெருமளவு செய்துவிடுகிறது, ஆனால் இந்த எண் யாரை விட்டுவிட்டது, எதை 'வேலை' என்று எண்ணியது என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். நம் அரசின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் நடப்பு வார அளவுகோல் என்று ஒன்று உண்டு, அதன்படி அந்த வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்தவரும் வேலையில் இருப்பவர்தான். இது தெரியாமல் வேலையின்மை சதவீதத்தை வைத்துச் சண்டை போடுகிறோம். அமேசான் நிறுவனம் ஆள் எடுக்க உருவாக்கிய மென்பொருள், பெரும்பாலும் ஆண்கள் அனுப்பிய பழைய விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகியதால் பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. அதைக் கைவிட்டார்கள் என்ற செய்தி 2018இல் வந்தது. நாளைக்கு உங்கள் மகளின் விண்ணப்பத்தையும் இப்படி ஒரு மென்பொருள் படிக்கலாம், அவளே அப்படி ஒன்றை உருவாக்கும் இடத்திலும் இருக்கலாம்.

அதனால் பிரிவின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், சிலபஸை வாங்கிப் பாருங்கள். நிகழ்தகவு, மாதிரி எடுப்பு (எல்லாரையும் கேட்காமல் சிலரைத் தேர்ந்தெடுப்பது), சர்வே நடத்தும் முறை இவை ஒழுங்காக இருக்கின்றனவா? பைத்தான் என்ற புரோகிராம் மொழியை எங்கேயும் கற்றுக்கொள்ளலாம், இவற்றைத் தனியாக உட்கார்ந்து கற்பது கஷ்டம். பி.எஸ்சி. புள்ளியியலையும் தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி என்று நல்ல துறைகள் இருக்கின்றன, யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுதுவதற்குப் பட்டப்படிப்பில் புள்ளியியல் படித்திருப்பதும் ஒரு வழி.

கவுன்சலிங்கில் சாய்ஸ் லாக் செய்வதற்கு இன்னும் நாள் இருக்கிறது. பிளேஸ்மென்ட் ஆபீஸுக்கு நீங்கள் போன் போட வேண்டாம், மகளே போடட்டும், அந்தப் பிரிவில் போன வருடம் முடித்த இரண்டு மூன்று பேரிடமும் பேசட்டும். கேட்டதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அதை வைத்து சாய்ஸ் வரிசையைச் சேர்ந்து போடலாம்.