கால்நடைகளை உயிரோடு ஏற்றிச் செல்லும்போது அவை வதைபடாமல் இருக்க முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

கால்நடை மருத்துவராக, ஏற்றுமிடங்களில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் வண்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்: மின்விசிறி உண்டா, தண்ணீர்த் தொட்டி உண்டா என்று. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் எந்த உயிரை ஏற்றக் கூடாது என்று முடிவெடுப்பதுதான் முதல் வேலை.

ஓடும் வண்டியில் மாடு சும்மா நிற்பதில்லை. ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பிரேக்கிலும் காலை அகட்டி வைத்து உடம்பைத் தாங்குகிறது. ஒரு குளம்பில் புண் இருந்தாலும் அதனால் அப்படித் தாங்க முடியாது. கீழே விழுந்தால் அந்த நெருக்கத்தில் எழுந்திருக்க வழியில்லை, மற்றவை அதன் மேலேயே மிதிக்கும். நொண்டும் மாட்டை ஏற்றிவிட்டு வண்டிக்குள் எத்தனை வசதி செய்தாலும் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு விதிமுறை இதைத் தெளிவாகவே சொல்கிறது. வலியில்லாமல் தானாக நடக்க முடியாதவை, சினைக்காலத்தில் 90 சதவீதத்தைத் தாண்டியவை, ஈன்று ஒரு வாரம் ஆகாதவை, தொப்புள் புண் முழுதாக ஆறாத குட்டிகள் ஆகியவை பயணத்துக்குத் தகுதியற்றவை. "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை லாரி வருவதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்துவிட வேண்டும். லாரி வந்து நின்றபின் எல்லோருக்கும் அவசரம்தான். அப்போது யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது ஏற்றும் விதம். மாடு ஏற மறுத்தால் வாலை முறுக்குவதற்கு முன், அது எதைப் பார்த்து நிற்கிறது என்று பாருங்கள். ஒருமுறை சாய்தளத்துக்கும் வண்டிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது, அதன் வழியே கீழே வெளிச்சம் தெரிந்தது. முன்னால் நின்ற மாடு தலையைத் தாழ்த்தி அந்தக் கோட்டை முகர்ந்தது, புஸ்ஸென்று மூச்சு விட்டுப் பின்வாங்கியது. ஓட்டி வந்தவர் தடியை ஓங்கிவிட்டார். அவரை நிறுத்தச் சொல்லி, இடைவெளியைப் பலகையால் மூடி மேலே வைக்கோலைப் பரப்பினோம். அந்த மாடு ஏறியது, மற்றவையும் பின்னாலேயே ஏறின. ஆடும் சங்கிலி, பளபளக்கும் தகடு, உள்ளே கும்மிருட்டு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அடித்து ஏற்றிய மாடு பயத்தோடுதான் பயணத்தைத் தொடங்கும். பயத்திலும் களைப்பிலும் அதன் தசையில் உள்ள சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோனால் இறைச்சி கருத்து இறுகிவிடும், சீக்கிரம் கெட்டும் போகும். இரக்கம் பேசினால் கேட்காத வியாபாரியும் இதைக் கேட்பார்.

அப்புறம் வெப்பம். வண்டி ஓடும் வரை காற்று கிடைக்கும், நின்றதும் உள்ளே சூடு மளமளவென்று ஏறும். பன்றிகளுக்கு வியர்த்துக் குளிர்ச்சியடையும் வசதியே கிடையாது. அதனால் வெயிலில் ஓட்டுநர் சாப்பிட நிறுத்துவதே ஆபத்து. இரவுப் பயணம், நிழலில் நிறுத்தம், வழியில் காத்திருக்காத பாதை ஆகிய மூன்றையும் முன்கூட்டியே திட்டமிட்டால் பாதிக் கவலை குறையும். கோழிகளைக் காலைப் பிடித்துக் கொத்தாகத் தூக்காதீர்கள், முட்டைக்காலம் முடிந்தவற்றின் எலும்பு எளிதில் ஒடிந்துவிடும்.

நேர வரம்புகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். இறக்கி ஓய்வும் தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் 28 மணி நேரத்துக்கு மேல் கால்நடைகளைக் கொண்டு போகக் கூடாதென்று அமெரிக்காவில் 1873இலேயே சட்டம் வந்துவிட்டது. ஐரோப்பிய விதிமுறைப்படி, உரிய வசதியுள்ள வண்டியில் வளர்ந்த மாடுகளை 14 மணி நேரம் கொண்டு போய், 1 மணி நேரம் ஓய்வு கொடுத்து, மறுபடி 14 மணி நேரம் ஓட்டலாம். என் கணக்கில் இது மிக அதிகம். நிறைந்த வண்டியில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வலுத்தவைதான் தண்ணீரை எட்டும், இளைத்தவை ஓரத்திலேயே நிற்கும். பால் மறக்காத கன்றுகளின் நிலை இன்னும் மோசம். விதிப்படி 9 மணி நேரத்துக்குப் பின் அவற்றுக்கு ஓய்வும் குடிக்க நீரும் தர வேண்டும். ஆனால் மடிக் காம்பு மட்டுமே தெரிந்த கன்றுக்கு வண்டியில் பொருத்திய இரும்புக் குழாயில் குடிக்கத் தெரியாது. லாரிக்குள் வெதுவெதுப்பான பால் கொடுக்கவும் வழியில்லை. தாளில் எல்லாம் சரியாக இருக்கும், கன்று பசியோடு நிற்கும். பால் மறக்காத கன்றை நெடுந்தூரம் அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கடல்வழி ஏற்றுமதியிலும் எனக்கு இதே கருத்துதான். 2017இல் 'அவாஸி எக்ஸ்பிரஸ்' கப்பலில் ஆஸ்திரேலியாவிலிருந்து போன ஆடுகளில் ஏறத்தாழ 2,400 வெப்பத்தில் மாண்டன. நியூசிலாந்து 2023இல் கடல்வழி கால்நடை ஏற்றுமதியை நிறுத்தியது. பிரிட்டன் அறுப்புக்கும் கொழுக்க வைப்பதற்கும் உயிரோடு ஏற்றுமதி செய்வதை 2024இல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆஸ்திரேலியாவும் 2028 மே 1 முதல் கப்பலில் செம்மறிகளை அனுப்பக் கூடாதென்று சட்டம் இயற்றியிருக்கிறது. அறுப்புக்குத்தான் போகிறது என்றால் பக்கத்திலேயே அறுத்து, குளிரூட்டிய இறைச்சியாக அனுப்பலாம். அதற்கான வண்டிகளும் கப்பல்களும் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.