ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் தோப்புக் கிணறு உப்புக்கரிக்கிறது. 200 அடி போர் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்குமா?

கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர், மணல் பூமி, 25 அடி உறைகிணறு, 5 குதிரைத்திறன் மோட்டார், தென்னைக்கு வாய்க்கால் பாசனம், இரண்டு கோடையாக உப்பு. இதுதானே உங்கள் நிலைமை? போர் போடாதீர்கள். இந்த மணலில் ஆழம் போகப் போக உப்புதான் கிட்ட வரும்.

மழையில் இறங்கிய நல்ல நீர் அங்கே கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நல்ல நீரைப் போல் சுமார் 1.025 மடங்கு. அதனால் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் நிற்கும். மட்டம் ஓர் அடி நிரந்தரமாக இறங்கினால் உப்பு அதே 40 அடி மேலேறும். போதாக்குறைக்கு, பெரிய மோட்டார் இழுக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக எழும்பும். எழும்பியது சட்டென்று இறங்காது. களிமண் படுகைக்குக் கீழே எங்காவது நல்ல நீர் இருக்கலாம். ஆனால் கேசிங்கை (போருக்குள் இறக்கும் குழாயை) சுற்றிச் சரியாக அடைக்காத போர், மேலே உள்ள உப்பை அதற்குள்ளும் இறக்கிவிடும்.

முதல் செலவு ஒரு ஈ.சி. மீட்டர்: நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவை வைத்து உப்பைக் காட்டும் கருவி. மே மாதம், காலையில் மோட்டார் போடுவதற்கு முன் ஒரு அளவு. பிறகு கால் மணிக்கு ஒருமுறை. எந்த நிமிடத்தில் எண் ஏறத் தொடங்குகிறதோ, அதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துவதுதான் உங்கள் கிணற்றின் தாங்கு அளவு. மீட்டருக்கு 0.7 டெசிசீமன் (dS/m, அந்தக் கருவி காட்டும் அலகு) வரை கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பல பயிர்கள் சுணங்கும். தென்னை ஓரளவு தாங்கும், ஊடுபயிராக மிளகாய் வைத்திருந்தால் அது முதலில் அடிபடும்.

மோட்டாரை 1 குதிரைத்திறனுக்கு இறக்குங்கள். கொஞ்ச நேரம் ஓட்டி, ஊறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். ஊற்று போதவில்லையென்றால் கிணற்றை ஆழப்படுத்தாமல் பக்கவாட்டில் விரியுங்கள்: கோடை மட்டத்துக்கு இரண்டடி கீழே, துளையிட்ட 4 அங்குல பி.வி.சி. குழாயை நைலான் வலை சுற்றி, அரை அடி ஜல்லிக்குள் படுக்க வைத்துக் கிணற்றோடு சேர்க்க வேண்டும். வலை இல்லாவிட்டால் நுண்மணல் குழாயை அடைத்துவிடும். ஈர மணல் பள்ளம் சொல்லாமல் சரியும், பலகை முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்க வேண்டாம்.

வாய்க்காலை விட்டுச் சொட்டு நீருக்கு மாறுங்கள். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் 100 தேங்காய் உரிமட்டைகளைக் குவிந்த பக்கம் மேலாகப் பரப்பினால் ஈரம் நிற்கும். பலரும் தவறுவது ஒன்று: கோடைத் தூறல் விழுந்ததும் சொட்டு நீரை நிறுத்திவிடுகிறார்கள். சொட்டு நனைத்த ஈரத்தின் ஓரத்தில் ஒதுங்கியிருந்த உப்பைத் தூறல் கரைத்து வேருக்கே கொண்டுவரும். மழை கனக்கும்வரை சொட்டு ஓடட்டும்.

மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ரீசார்ஜ் குழிக்குப் பணம் போட வேண்டாம், மணல் தானே குடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை வெளியே ஓடாமல் வரப்பை முக்கால் அடி உயர்த்தினால் போதும். பக்கத்து மணல்மேட்டை லாரிக்குக் கேட்டு வந்தால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்; உங்கள் நல்ல நீர் தேங்கி நிற்பதே அதற்குள்தான்.