அம்பில்லாமல் விட்ட குறுக்குவில்லை மறுபடி பயன்படுத்தலாமா?

கேள்வி: நண்பரின் குறுக்குவில்லை அம்பு வைக்காமல் தவறுதலாக விட்டுவிட்டேன். பெரிய சத்தம் வந்தது. ஆனால் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடர்ந்து பயன்படுத்தலாமா? இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன பழக்கம் வேண்டும்?

பயன்படுத்தாதீர்கள். சும்மா சோதித்துப் பார்க்கக்கூட நாணேற்ற வேண்டாம், அதாவது நாணைப் பின்னால் இழுத்து மாட்ட வேண்டாம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதே தவறை நானும் செய்திருக்கிறேன். அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் அதே நாளில் செய்யப் பார்த்தேன்.

நான் பெங்களூர், அல்சூர்வாசி. பீன்யாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் வேலை. எந்திர பாகங்களின் மேல் சிவப்புச் சாயம் தடவி, துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பர் அடித்துப் பார்ப்போம். மயிரிழை விரிசல் இருந்தால் அதற்குள் போய் ஒளிந்திருக்கும் சாயம் சிவப்புக் கோடாக வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடிப் பிடிப்பதுதான் 16 வருடமாக எனக்குச் சோறு போடுகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் ஹோஸ்கோட்டை தாண்டி ஒரு வில்வித்தைப் பயிற்சி இடத்துக்குப் போகிறேன். அங்கே சொல்லித்தருபவர் கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல்காரர். சின்னப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். அவருடைய அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001இல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகும் குடும்பம் ஊரை விட்டு வரவில்லை. மாஸ்டர் இன்றும் விடியற்காலை பஸ் பிடித்துத்தான் வருகிறார்.

சாதாரண வில்தான் அங்கே எல்லோரும் பழகுவது. குறுக்குவில், அதாவது துப்பாக்கி மாதிரி டிரிக்கர் அழுத்தி எய்யும் வில், ஒன்றே ஒன்று இருந்தது. பழைய மாடல், கண்ணாடியிழை லிம்ப் (நாணை இழுத்தால் வளைகிற வில்லின் கை), 150 பவுண்டு இழுவை, அதாவது சுமார் 68 கிலோ. அம்பு உட்காராவிட்டால் நாணை விடாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு இப்போது வரும் பல மாடல்களில் உண்டு. இதில் கிடையாது. (இதற்குப் போடும் குட்டை அம்பை போல்ட் என்பார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் போல்ட் என்றால் வேறு, அதனால் அம்பு என்றே எழுதுகிறேன்.)

அன்றைக்கு என் மச்சான் வேலூரிலிருந்து வந்திருந்தான். வீட்டில் இருக்க மாட்டேன் என்று கூடவே கிளம்பி வந்துவிட்டான். நான் நாணை ஏற்றி, அம்பை வைத்து, குறிபார்க்கத் தயாரான நேரத்தில், "மாமா, இது எவ்வளவு தூரம் போகும்?" என்றான். பதில் சொல்லத் திரும்பினேன். திரும்பும்போது வில்லின் முகத்தை மண்ணைப் பார்த்து இறக்கினேன். அதுதான் பத்திரம் என்று நினைப்பு. அம்பை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் தகட்டு ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. அம்பு ஒரு விரல் அகலம் முன்னால் நழுவியிருக்கிறது. நான் பார்க்கவில்லை. பேசி முடித்து, நிமிர்த்தி, சேஃப்டியைத் தள்ளி, டிரிக்கரை அழுத்தினேன்.

எப்போதும் வருகிற 'டப்' வரவில்லை. கன்னத்தில் அறைந்தது மாதிரி ஒரு 'பளார்'. கை முழங்கை வரை அதிர்ந்தது. அம்பு மூன்று மீட்டர் தள்ளிப் புல்லில் கிடந்தது, ஒரு இறகு கிழிந்து. இடது லிம்ப் நுனியிலிருந்து நாண் கழன்று தொங்கியது. நாணின் நடுவில் இறுக்கிச் சுற்றியிருக்கும் நூல் பிரிந்து, பழைய புடவை ஓரம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

அம்பே இல்லாமல் விடுவது மட்டும்தான் தப்பு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அம்பின் பின்முனை நாணைத் தொட்டுக்கொண்டு உட்காராவிட்டாலும் ஏறக்குறைய அதே கதைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 68 கிலோ விசையில் நாண் 27 செ.மீ. பின்னால் போகிறது என்றால், வளைந்த லிம்புகளில் தோராயமாக 90 ஜூல் ஆற்றல் ஏறி நிற்கிறது. 10 கிலோ அரிசி மூட்டையை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டால் வருகிற அடி அது. அம்பு சரியாக உட்கார்ந்திருந்தால் அதில் பெரும்பங்கை அம்பு எடுத்துக்கொண்டு போய்விடும். எடுத்துப்போக ஆள் இல்லையென்றால் அத்தனையும் நாணுக்கும் லிம்புக்குமே திரும்புகிறது, கண்ணிமைக்கிற நேரத்துக்குள். கம்பெனி சொன்ன எடையைவிட லேசான அம்பைப் போடக் கூடாது என்பதும் இதனால்தான். லேசான அம்பு, பாதி வெறும் வில்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமான இடம்.

லிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மாஸ்டர் மைதானத்தின் மறுகோடியில் பிள்ளைகளோடு இருந்தார். "நாண் கழன்றுடுச்சு மாஸ்டர்" என்று கத்தினேன். "மாட்டு, வரேன்" என்றார். வேறு நாண் எடுத்து மாட்டி, வில்லை ஸ்டாண்டில் வைத்தேன். நாண் கழன்றது உண்மைதான். ஏன் கழன்றது என்று நான் சொல்லவில்லை. மச்சான் பக்கத்தில் நிற்கிறான், வில் என்னுடையது இல்லை, பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று மனசு மூன்று காரணம் அடுக்கியது.

அடுத்து எய்ய வேண்டிய முறை ஆஸ்டின் டவுனிலிருந்து வருகிற ஒரு பொண்ணுக்கு. ஒன்பதாவது படிக்கிறாள், கண்ணாடி போட்டவள். ஸ்டாண்டிலிருந்து வில்லை எடுத்து, முன்னால் இருக்கும் இரும்பு வளையத்தில் ஷூவை நுழைத்து, நாணேற்றும் கயிற்றைப் பிடித்துக் குனிந்தாள். குனிந்தபோது அவள் முகம் நேராக லிம்புக்கு மேலே இருந்தது. நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை.

"அதத் தொடாதம்மா!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். அவள் பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிட்டாள். நல்லவேளை, இன்னும் இழுக்க ஆரம்பிக்கவில்லை.

மாஸ்டர் வந்தார். திட்டவில்லை. "இன்னா நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லுப்பா" என்றார். மச்சான் கேட்டது, நான் திரும்பியது, முகத்தை இறக்கியது எல்லாம் சொன்னேன். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிடி பஞ்சு எடுத்தார். நாணைக் கழற்றிவிட்டு, லிம்பின் அடியிலிருந்து நுனி வரை பஞ்சை மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். விரலால் ஒருநாளும் தடவக் கூடாது, கண்ணாடியிழைச் சிலாம்பு ஏறினால் எடுப்பது பெரும்பாடு. வலது லிம்பில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. இடதில், நுனிக்கு இரண்டு விரல் கீழே நின்றது. இழுத்தார். நாலைந்து வெள்ளை இழை அங்கேயே மாட்டிக்கொண்டது. அந்த இடத்தை வெயிலில் சாய்த்துக் காட்டினார். பூச்சுக்கு அடியில், நீளவாக்கில், நகக்கீறல் மாதிரி வெளுத்த கோடு.

வாரத்தில் ஆறு நாள் நான் தேடுகிற அதே கோடு.

"எங்கப்பா சொல்வாரு," என்றார் மாஸ்டர். "சுரங்கத்துல பாறை சும்மாதான் நிக்கும். உள்ள அழுத்தம் ஏறினு இருக்கறது கண்ணுக்குத் தெரியாது. பர்ஸ்ட் ஆகும்போதுதான் தெரியும், அப்ப தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல. அதனால பார்த்தவன் பார்த்தத மேல வந்து சொல்லிடணும். சொல்லாம உட்டா அடுத்த ஷிப்டுக்காரன்தான் மாட்டுவான்." கோலார் சுரங்கங்களில் பாறை வெடிப்பில் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். அந்த ஊரில் பிறந்தவருக்கு அது ஏட்டுப் படிப்பு இல்லை.

லிம்பை ஒன்று மட்டும் மாற்ற முடியாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் வளைய வேண்டும் அல்லவா. நாணும் புதிது. பணம் நான் கட்டினேன். சாமான் வந்து சேர ஐந்து வாரம் ஆனது. அதுவரை மாஸ்டர் என் கையில் எந்த வில்லையும் தரவில்லை, விசிலைக் கொடுத்தார். இரண்டு ஊதல் என்றால் கோட்டுக்கு வரலாம். ஒன்று என்றால் எய்யலாம். மூன்று என்றால் அம்பு பொறுக்கப் போகலாம். விடாமல் ஐந்தும் அதற்கு மேலும் ஊதினால் இருக்கிற இடத்தில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ஐந்து ஞாயிறு ஓரமாக நின்று மற்றவர்களைப் பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. ஏறக்குறைய எல்லா அசம்பாவிதமும் நாண் ஏறியதற்கும் அம்பு போவதற்கும் நடுவில்தான் எட்டிப் பார்க்கிறது. யாரோ கூப்பிடுகிறார்கள், போன் அடிக்கிறது, கண்ணாடியைச் சரிசெய்கிறார்கள், அம்பு நழுவுகிறது.

அதனால் இப்போது என் பழக்கம் இது: நாண் ஏறிவிட்டால் யாருக்கும் பதில் இல்லை. கட்டாயம் திரும்ப வேண்டி வந்தால் சேஃப்டியைப் பார்த்து, விரலை டிரிக்கரிலிருந்து எடுத்து, அம்பை வெளியே எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். எய்வதற்கு முன் அம்பின் பின்முனையைக் கண்ணால் பார்த்து, 'தொட்டிருக்கு' என்று வாய்விட்டுச் சொல்வேன். முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது பிள்ளைகளும் சொல்கிறார்கள். முன்கையின் கட்டைவிரல் நாண் ஓடும் தடத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். மேலே எட்டிப் பார்த்தால் விரல் போய்விடும், இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. லிம்புகள் விரியும்போது பக்கத்தில் தூணோ கம்பியோ ஆளோ இருக்கக் கூடாது. இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் எய்யவே மாட்டேன்.

நாணேற்றக் கயிற்றைப் பயன்படுத்துங்கள். பாரம் பாதியாகக் குறையும், நாணும் நடுவில் நிற்கும். நடுவில் நிற்கிறதா என்று பார்க்க, தடத்தின் இரண்டு ஓரத்திலும் நாணின் மேல் வெள்ளை நெயில்பாலிஷில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். மனைவியிடம் கேட்டு வாங்கியது. ஏற்றிய நாணை இறக்க வேண்டுமானால் டிரிக்கரைச் சும்மா அழுத்தாதீர்கள். அதற்கென்று ஒரு பழைய அம்பை ஒதுக்கி, இலக்கிலோ மெத்து மண்ணிலோ எய்து இறக்குங்கள்.

உங்கள் வில்லுக்கு வருகிறேன். நாண் ஏறாத நிலையில் பஞ்சு வைத்துப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் முடிந்தது, லிம்பை மாற்றியாக வேண்டும். மாட்டாவிட்டாலும் விரிசல் இல்லை என்று அர்த்தம் ஆகாது. விவரம் தெரிந்த ஒருவர் லிம்ப், நாண், டிரிக்கர் மூன்றையும் பிரித்துப் பார்க்கிற வரை அது எய்யும் வில் இல்லை. ஒரு துண்டுத்தாளில் 'வெறும் நாண் விட்டது' என்று தேதி போட்டு எழுதி, வில்லிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

நண்பருடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சொன்னீர்களா என்று எழுதவில்லை. அவர் இன்றைக்கே அதை எடுத்துக் காலை வைத்துக் குனியக்கூடும். முதலில் அவருக்கு போன் போடுங்கள், பஞ்சைப் பிறகு தேடலாம்.