காட்டுப் பழச் சர்பத்தும் ஜாமும்: வாசகர் கேள்வி-பதில்

ஆடி பிறந்ததும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாவலைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருமுறை மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். எடை, பாத்திரம், கொதித்த நேரம் ஆகிய மூன்றையும் எழுதாமல் "கெட்டுப்போய்விட்டது, ஏன்?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு என்னால் பதில் சொல்ல இயலாது.

நாவல் பழச் சர்பத் காய்ச்சும்போது நல்ல ஊதா நிறத்தில் இருந்தது. பாட்டிலில் ஊற்றிய சில நாட்களில் வெளுத்து, பழைய துணி போல ஆகிவிட்டது. கெடாமல் இருக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் சேர்த்திருந்தேன். (திண்டுக்கல் வாசகி)

வெளுத்ததற்குக் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த உப்பிலிருந்து வெளிவரும் கந்தக டை ஆக்ஸைடு நாவல், களா போன்ற ஊதாப் பழங்களின் நிறமியை வெளுக்கச் செய்யும். எலுமிச்சைக்கும் மாம்பழத்துக்கும் அந்த உப்பு பொருந்தும். ஊதாப் பழங்களுக்குச் சோடியம் பென்சோயேட்டைத்தான் பயன்படுத்துவார்கள். வீட்டுத் தேவைக்கு இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு லிட்டர் சாற்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் சர்க்கரையும் இரண்டு எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்து, வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய கண்ணாடி பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள். காய்ச்சுவது எவர்சில்வர் பாத்திரத்தில் இருக்கட்டும். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை, இரும்பு ஆகிய மூன்றிலும் புளிப்புப் பழத்தைக் காய்ச்சக் கூடாது. இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், ஒவ்வொரு முறையும் அலுமினியச் சட்டியோடு ஒருவர் வருகிறார்.

படம் இணைத்திருக்கிறேன். எங்கள் தெருமுனைச் செடியில் பச்சையாகக் காய்த்துக் கறுக்கிறது, கிள்ளினால் பால் வடிகிறது. இது களாக்காய்தானே? ஊறுகாய் போடலாமா?

போடாதீர்கள். படத்தில் கையும் காயும் தெரிகின்றன; இலையும் இல்லை, முள்ளும் இல்லை, பூவும் இல்லை. பால் வடிவதை மட்டும் வைத்துக் களா என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். மஞ்சள் அரளியும் களாவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டிலும் பால் வடியும், இரண்டும் பச்சையாகக் காய்த்துப் பின்னர் கறுக்கும். ஆனால் அரளியின் கொட்டையில் இருப்பது இதயத் துடிப்பையே குலைத்துவிடும் நஞ்சு. களாவில் வலுவான முட்கள் இருக்கும், இலை தடித்து முட்டை வடிவில் இருக்கும், பூ மல்லிகை போல வெள்ளையாக இருக்கும், காயை அறுத்தால் சிறிய விதைகள் பல தெரியும். மஞ்சள் அரளியில் முள் கிடையாது, இலை நீண்டு குறுகியிருக்கும், பூ மஞ்சள் புனலைப் போலிருக்கும், காய்க்குள் ஒரே ஒரு கெட்டிக் கொட்டை இருக்கும். பூவிலும் காயிலுமாக இரண்டு முறை பார்த்து அடையாளம் கண்ட செடியிலிருந்து மட்டுமே பறியுங்கள். படத்தைப் பார்த்து நான் யாருக்கும் உறுதி சொல்வதில்லை.

நாவல் பழத்தில் ஒயின் போடும் முறையைச் சொல்ல முடியுமா? (நாகர்கோவில்)

சொல்ல முடியாது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம்.

மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் நாவலைப் பொறுக்கலாமா?

விடிந்ததும் மரத்தடியில் துணியை விரித்துவைத்து, அதன் மீது விழுபவற்றை அன்றே எடுத்துக்கொள்ளுங்கள். பல் பட்ட பழம், கொத்திய பழம், தோல் பிளந்த பழம் எதுவும் வேண்டாம். 2018-இல் கேரளத்தில் நிபா பரவியதற்குப் பிறகும் வௌவால் கடித்த பழத்தைக் கழுவிக் கொதிக்கவைத்தால் போதும் என்று வாதிடுபவர்களோடு பேச எனக்குப் பொறுமை இல்லை.

தேன் நெல்லி போட்டேன். நான்காம் நாள் தேன் தண்ணீராகி, பத்தாம் நாள் நுரைத்து, மூடியைத் திறந்தால் கள் வாடை அடிக்கிறது. வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருப்பதால் தேனைப் பாதியாகக் குறைத்து, மீதிக்கு நாட்டுச் சர்க்கரைக் கரைசல் ஊற்றியிருந்தேன். (சேலம் வாசகர்)

இந்த வாரம் மட்டும் இதே பொருளில் ஐந்து கடிதங்கள் வந்துள்ளன. "சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்தேன்" என்ற வரியைக் கண்டாலே அடுத்த வரியில் நுரையோ பூஞ்சையோ வரும் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

ஜாம், சர்பத், தேன் நெல்லி ஆகியவற்றில் சர்க்கரை சேர்ப்பது இனிப்புக்காக மட்டும் அன்று. அது பழத்திலுள்ள நீரைக் கட்டிப்போட்டு, நுண்ணுயிர்கள் அதைப் பயன்படுத்த முடியாமல் செய்கிறது. முடிந்த பண்டத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை இருந்தால்தான் அந்தக் கட்டு நிற்கும். நல்ல தேனில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே நீர் இருப்பதால் அது தானாகக் கெடுவதில்லை. நெல்லிக்காயிலோ ஐந்தில் நான்கு பங்கு நீர்தான். காயைத் தேனில் போட்டதும் தேன் அந்த நீரை வெளியே இழுத்துத் தானும் நீர்த்துப்போகிறது. நீர்த்த தேனில், அதுவரை உறங்கிக் கிடந்த ஈஸ்ட் விழித்துக்கொள்கிறது. நீங்களோ தொடக்கத்திலேயே கரைசல் ஊற்றி அதை எழுப்பிவிட்டீர்கள். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகிய மூன்றும் இரத்தச் சர்க்கரையை ஏற்றுபவையே. பெயர் மாறுவதால் நீரிழிவுக்காரருக்கு எந்தச் சலுகையும் கிடைக்காது. அவருக்கு உப்பு நெல்லி போட்டுக் கொடுங்கள்.

சரியான முறை இதுதான். காயை நான்கு நிமிடம் ஆவியில் வேகவைத்து, முள்கரண்டியால் சுற்றிலும் குத்தி, ஒரு நாள் நிழலில் உலர்த்துங்கள். காயின் எடைக்குச் சம எடை தேனில் மூழ்கவைத்து, மூன்றாம் நாள் நீர்த்த தேனை வடித்துப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறியபின் மீண்டும் ஊற்றுங்கள். தேன் கெட்டியாகவே நிற்கும்வரை இப்படி இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனோ தேன் நெல்லியோ கொடுக்கக் கூடாது.

என் முதல் தேன் நெல்லியை வடிக்கும் பொறுமை இல்லாமல் பரண் மேல் இறுக மூடி வைத்திருந்தேன். ஒரு நள்ளிரவில் வெடி போட்டதுபோல் ஒலி கேட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தால், மூடி எதிர்ச்சுவரில் அடித்துக் கீழே கிடந்தது, பரணிலிருந்து தேன் நூலாக இறங்கி மாவு டின்னின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் எறும்புகள் சன்னலிலிருந்து பரண்வரை பாதை போட்டுவிட்டன. சர்க்கரை குறைவாகத்தான் வேண்டும் என்பவர்கள் சிறிய பாட்டிலாகச் செய்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். ஓராண்டு அலமாரியில் வைப்பேன், சர்க்கரையையும் பாதியாக்குவேன் என்றால் நடக்காது.

ஊட்டியில் தவிட்டுப் பழ ஜாம் காய்ச்சினேன். வெப்பமானியில் 105 டிகிரி வரும்வரை கிளறியும், ஆறியபின் கரண்டி இறங்காத கல்லாகிவிட்டது.

நல்ல கேள்வி, வெப்பநிலையை எழுதியதற்கு நன்றி. 105 டிகிரி என்பது கடல் மட்டத்துக்கான கணக்கு. ஜாம் பதத்துக்கு வருவது தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு மேல் நான்கைந்து டிகிரியில்தான். ஊட்டி ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. ஆகவே 97-இல் இறக்கியிருக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து உங்கள் வெப்பமானி என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும் என்ற பழைய சோதனை எந்த மலையிலும் பலிக்கும். அந்தப் பழத்தில் புளிப்புக் குறைவு; எலுமிச்சைச் சாறு சேர்க்க மறக்காதீர்கள்.

விளாம்பழத்தில் ஜெல்லி வருமா?

நன்றாக வரும். ஜெல்லியை உறையவைக்கும் பெக்டின் மிகுந்த பழம் அது. சதையைத் தண்ணீரில் வேகவைத்துத் துணியில் தானாக வடியவிடுங்கள், பிழிந்தால் கலங்கிவிடும்.

இலந்தை வடை தட்டி வைத்தால் பத்தே நாளில் புழு வருகிறது. வெயில் போதவில்லையா?

வெயிலைக் குறை சொல்லாதீர்கள். புழு பழத்தோடுதான் வந்தது. இலந்தையில் ஈ முட்டையிட்ட இடம் வெளியே ஒரு கரும்புள்ளியாக மட்டும் தெரியும், உள்ளே சதை பழுப்பாக நைந்திருக்கும். உரலில் போடும் முன் ஒவ்வொரு பழத்தையும் விரலால் பிளந்து பார்த்தே ஆக வேண்டும். ஒரு கிலோ பழத்துக்கு நூறு கிராம் வெல்லம், ஐம்பது கிராம் புளி, பத்துக் காய்ந்த மிளகாய், உப்பு, பெருங்காயம் சேர்த்து இடித்து, மெல்லியதாகத் தட்டி, நான்கு நாள் இருபுறமும் காயவிடுங்கள். வாழைப்பூ வடை அளவுக்குத் தடிமனாகத் தட்டினால் உள்ளே ஈரம் நிற்கும்.

சிறுமலைப் பக்கம் காட்டில் நெல்லி பறிக்கப் போகிறோம். எவ்வளவு பறிக்கலாம்?

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு காய்கூடப் பறிக்க முடியாது. 1882-ஆம் ஆண்டு முதல் இருக்கும் சட்டம் அது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலுக்கான உரிமையைக் காட்டில் வாழும் மக்களுக்குத்தான் அளித்திருக்கிறது, மகிழுந்தில் வந்திறங்கும் நமக்கு அன்று. அவர்களிடம் விலைக்கு வாங்குங்கள். பட்டா நிலத்து மரமானாலும் கிளையை முறித்துப் போட்டுப் பறிப்பவர்களின் கேள்விக்கு நான் பதில் எழுதுவதில்லை.

சப்பாத்திக்கள்ளிப் பழச் சர்பத் குடித்த மறுநாள் சிறுநீர் சிவந்து போயிற்று. ஆபத்தா?

பழத்தின் சாயமாக இருக்கலாம். பீட்ரூட் தின்றாலும் சிலருக்கு அப்படித்தான். சர்பத்தை நிறுத்தி இரண்டு நாளாகியும் நிறம் போகவில்லை என்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். பழத்தை நெருப்பில் வாட்டி முள் நீக்கினீர்களா, சாற்றை இரட்டைத் துணியில் வடிகட்டினீர்களா என்பதை எழுதவில்லையே. தொண்டையில் குத்தும் அந்த மயிரிழை முள்தான் எனக்குக் கவலை தருகிறது.