காலைக் கூட்டம் யாருக்காக?

அன்புள்ள அண்ணா,

கொக்குவிலில் ஆறு பேர் சேர்ந்து கடைகளுக்குப் பில் போடும் செயலி ஒன்றைச் செய்கிறோம். மென்பொருளைச் சிறுசிறு பகுதியாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டு போகும் அஜைல் முறை என்று தினமும் காலையில் கூட்டம். நேற்று செய்ததை ஒவ்வொருவராக மேலாளருக்கு ஒப்புவிக்க முக்கால் மணித்தியாலம் போய்விடும். கடைக்காரர்களோ கேட்டதை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த முறை சின்னக் குழுக்களுக்குச் சரிவருமா?

ஒரு வாசகர், கொக்குவில்

அன்புள்ள தம்பி,

வடிவாகச் சரிவரும். கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டீர்கள் போலத் தெரிகிறது.

2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையிலும் அதன் 12 கோட்பாடுகளிலும் காலைக் கூட்டம் என்று ஒன்று இல்லை. அது அஜைல் வகைகளில் ஒன்றான ஸ்க்ரம் முறையில் வருவது. அங்கும் 15 நிமிடம்தான், அதுவும் வேலை செய்பவர்கள் அன்றைய நாளைத் தங்களுக்குள் திட்டமிட. "எனக்கு இந்த இடத்தில் நிற்கிறது, பின்னேரம் பார்க்கிறாயா?" என்று கதைத்து எழும்பினால் காணும்.

மேலாளருக்கு முன்னேற்றம் தெரியத்தானே வேண்டும் என்பீர்கள். முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல் இயங்கும் மென்பொருள் என்கிறது ஒரு கோட்பாடு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முடிந்த அளவில், பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு வியாபாரியின் கையில் செயலியைக் கொடுங்கள். மேலாளரையும் கூட்டிப் போங்கள். விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் நில்லுங்கள். கத்தரிக்காய் 750 கிராம் என்று அடிக்க எத்தனை தரம் விரல் வைக்கிறார், வாங்குபவர் பேரம் பேசி விலையைக் குறைத்ததும் எங்கே தடுமாறுகிறார், எந்த நேரத்தில் ஃபோனை வைத்துவிட்டுக் கடன் கொப்பியை எடுக்கிறார், எல்லாம் பாருங்கள். அடுத்து எதைச் செய்வது என்ற வாக்குவாதம் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

பிந்தி வரும் மாற்றத்தையும் வரவேற்கச் சொல்கிறது அந்த அறிக்கை. அதற்காக அன்றைக்கே உள்ளே எடுக்க வேண்டியதில்லை. அடுத்த இரு வார வேலையைத் தீர்மானிக்கும்போது எடுத்து, ஈடாக வேறொன்றை விடுங்கள். செய்யாமல் விடும் வேலையைக் கூட்டுவது ஒரு கலை என்ற கோட்பாடுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. எங்கள் பெடியன்கள் இரவிரவாக விழித்திருந்து வேலை செய்வதைப் பெருமையாகச் சொல்லும்போது மனம் நோகிறது. தொடர்ந்து தாங்கக்கூடிய வேகமும் அந்த 12இல் ஒன்று.

சரி, மேலாளரிடம் எப்படிச் சொல்வது? இரு வார முடிவில் எல்லோரும் இருந்து, எது சரிவந்தது, எதை மாற்றலாம் என்று கதையுங்கள். அதற்கும் கோட்பாடு இருக்கிறது. அங்கே காலைக் கூட்டத்தையே எடுங்கள். அடுத்த இரண்டு வாரம் 15 நிமிடம் வைத்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் பழையபடி செய்வோம் என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.